ஆவியில் ஜெபிப்பது என்றால் என்ன? அந்நியபாஷை வராதவர்களுக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி ஒரு சகோதரியுடையது. சிறுவயது முதல் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர். வேலைக்காக வந்த ஊரில், பக்கத்துத் தெருவிலுள்ள பெந்தெகொஸ்தே சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போய்வருகிறார். அங்கே ஒருவர் அவரிடம், "நீ இன்னும் மாம்சத்தில்தான் ஜெபிக்கிறாய். பாஷை வந்தால்தான் ஆவியில் ஜெபிக்க முடியும்" என்று சொல்லிவிட்டார். மாம்சத்தில் என்றால் ஆவியானவர் இல்லாமல், வெறும் மனித பலத்தில் என்று அர்த்தம். பாஷை என்பது அந்நியபாஷை, அதாவது கற்றுக்கொள்ளாத, தனக்கே பொருள் தெரியாத பேச்சில் ஆவியானவரின் ஏவுதலால் பேசுவது. அந்த வரத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கிற காத்திருப்புக் கூட்டங்களில் உட்கார்ந்தும் பாஷை வரவில்லை. "அப்படியானால் இத்தனை வருஷம் நான் ஜெபித்ததெல்லாம் என்ன? என் அம்மா விடியற்காலையில் முழங்காலில் நின்று ஜெபித்தது? புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிற எங்கள் சபை ஜெபங்கள்? நான் அந்தக் கூட்டத்துக்குத் தொடர்ந்து போகலாமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, அம்மாவின் ஜெபத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். "அப்பா, பிதாவே" என்று தேவனைக் கூப்பிட ஒருவருக்கு மனம் வருகிறதென்றால், அதைத் தருகிறவரே பரிசுத்த ஆவியானவர்தான். கலாத்தியர் 4:6 அதைத்தான் சொல்கிறது: நாம் புத்திரராயிருப்பதால், தேவன் தமது குமாரனுடைய ஆவியை நம் இருதயங்களில் அனுப்பினார். ஆவியானவர் இல்லாமல் உங்கள் அம்மா ஒரு நாளும் முழங்காலில் நின்றிருக்க மாட்டார்கள்.

ஆவியில் ஜெபிப்பது என்று வேதம் சொல்வது ஒரு தனி வகை ஜெபத்தை அல்ல. பரிசுத்த ஆவியானவர் நம்மைக் கிறிஸ்துவோடு சேர்த்துப் பிதாவின் முன்னால் நிறுத்துகிறார். அவர் விரும்புகிறதை நாமும் விரும்பும்படி நம் மனதைத் திருப்புகிறார். அந்த நிலையிலிருந்து எழும்புகிற எந்த ஜெபமும் ஆவியில் செய்கிற ஜெபம்தான். அது தமிழில் இருக்கலாம், அழுகையாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், அந்நியபாஷையாகவும் இருக்கலாம். அந்நியபாஷை அதற்குள் அடங்குகிற ஒரு வரம். அதை வைத்து மற்ற ஜெபங்களை அளக்கக் கூடாது. இதை நான் சும்மா சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. வசனங்களையே பார்ப்போம்.

ஆவியில் ஜெபிக்கும்படி நேரடியான கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று எபேசியர் 6:18. அதில் பவுல் "எந்தச் சமயத்திலும் சகலவிதமான வேண்டுதலோடும் விண்ணப்பத்தோடும் ஆவியினாலே ஜெபம்பண்ணி" என்கிறார். எந்தச் சமயத்திலும், சகலவிதமான வேண்டுதலோடும் என்று அவர் விரித்துச் சொல்கிறதை, நாம் ஒரே ஒரு விதத்துக்குள் சுருக்க முடியாது. அடுத்த வசனத்தில் தனக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார். அப்போது அவர் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறார். விடுதலை வேண்டும் என்று கேட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் கேட்பது, சுவிசேஷத்தின் இரகசியத்தைத் தைரியமாய் அறிவிக்கத் தனக்கு வாக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பதையே. ஆவியில் ஜெபியுங்கள் என்று சொன்ன கையோடு பவுல் கொடுக்கிற ஜெபக்குறிப்பு அது. எபேசு சபையார் தங்கள் சொந்தப் பேச்சில், பொருள் புரிந்து, ஒரு மனிதனுக்காகக் கேட்க வேண்டிய விண்ணப்பம்.

இன்னொன்று யூதா 20. அங்கே முந்தின வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சபைக்குள் பிரிவினை உண்டாக்குகிறவர்களை யூதா "ஜென்மசுபாவக்காரரும், ஆவியில்லாதவர்களும்" என்கிறார். உடனே "நீங்களோ பிரியமானவர்களே" என்று திரும்பி, விசுவாசத்தின்மேல் உங்களை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், பரிசுத்த ஆவிக்குள் ஜெபம்பண்ணுங்கள், தேவனுடைய அன்பிலே உங்களைக் காத்துக்கொள்ளுங்கள், கிறிஸ்துவின் இரக்கத்துக்குக் காத்திருங்கள் என்கிறார். ஆவியில்லாதவர்களுக்கு எதிரே அவர் நிறுத்துவது விசுவாசிகள் எல்லாரையும்தான். பாஷை பேசுகிற விசுவாசி, பேசாத விசுவாசி என்று ஒரு கோடு அங்கே இல்லவே இல்லை.

இப்போது 1 கொரிந்தியர் 12:30-ஐப் பாருங்கள். "எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் கேட்கிறார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி. கட்டளை எல்லாருக்கும், வரம் சிலருக்கு. அப்படியிருக்க இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. சிலருக்கு மட்டும் கொடுக்கிற ஒன்றை எல்லாரும் செய்ய வேண்டும் என்று தேவன் கட்டளையிட்டுவிட்டு, கிடைக்காதவர்களைக் குற்றவாளிகளாக்குவாரா?

பெந்தெகொஸ்தே சகோதரர்களுக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 12-ஆம் அதிகாரத்தில் வருவது சபையில் எல்லார் முன்பும் பேசுகிற வரம், அது சிலருக்கு. தனியே தேவனோடு பேசுகிற ஜெபபாஷை வேறு, அது அபிஷேகம், அதாவது பரிசுத்த ஆவியின் நிறைவு, பெற்ற எல்லாருக்கும் உண்டு என்பார்கள். 14-ஆம் அதிகாரத்தில் இதற்கு ஓரளவு இடம் இருக்கிறது. அந்நியபாஷையில் பேசுகிறவன் மனுஷரிடத்தில் அல்ல, தேவனிடத்தில் பேசுகிறான் என்று 2-ஆம் வசனம் சொல்கிறது. "நான் ஆவியோடும் விண்ணப்பம்பண்ணுவேன், கருத்தோடும் விண்ணப்பம்பண்ணுவேன்" என்கிற 15-ஆம் வசனத்தில், ஆவியோடு விண்ணப்பம்பண்ணுவது என்று பவுல் சொல்வது பாஷையில் ஜெபிப்பதைத்தான். இதை மறுக்கிற விளக்கங்களைப் படித்திருக்கிறேன், அவை எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாரிலும் அதிகமாய்ப் பாஷைகளைப் பேசுகிறதற்காக அவர் தேவனை ஸ்தோத்திரிக்கிறார். அந்த அதிகாரத்தின் முடிவில், அந்நிய பாஷைகளைப் பேசுகிறதற்குத் தடைபண்ணாதிருங்கள் என்றும் எழுதுகிறார். ஆகவே பாஷையைக் கேலி பேசுகிற பாரம்பரிய சபைக்காரர்களும் அந்த அதிகாரத்தைப் பாதிதான் வாசிக்கிறார்கள்.

ஆனால் அதே 15-ஆம் வசனத்தில் "கருத்தோடும்", அதாவது பொருள் புரிந்தும், என்ற பாதியும் இருக்கிறதே! கருத்தோடு செய்கிற ஜெபம் மாம்சத்தின் ஜெபம் என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. சபையில் பாஷையிலே பதினாயிரம் வார்த்தைகளைவிட, மற்றவர்களுக்குப் புரிகிற ஐந்து வார்த்தைகளே தனக்கு அதிகமாய் வேண்டும் என்கிறார். உங்களிடம் "மாம்சத்தில் ஜெபிக்கிறாய்" என்று சொன்னவர், பவுல் விரும்பிக் கேட்ட அந்த ஐந்து வார்த்தைகளைத்தான் குறைத்துப் பேசியிருக்கிறார்.

அப்புறம் எப்படி இந்தப் போதனை இவ்வளவு உறுதியாக வேர் பிடித்தது? சரித்திரம் தெரிந்தால் யார்மேலும் கசப்பு வராது. 1901 ஜனவரியில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், டொபீகா என்ற ஊரிலிருந்த சார்ல்ஸ் பர்ஹாமின் வேதப்பள்ளியில் மாணவர்கள் பாஷை பேசத் தொடங்கினார்கள். அபிஷேகத்துக்கு அதுவே வேத ஆதாரமுள்ள அடையாளம் என்று பர்ஹாம் போதித்தார். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அசூசா தெருவில், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து அது உலகமெங்கும் பரவியது. அந்த நாட்களில் அவர்கள் பலரும் பாஷை என்பதை மிஷனரி ஊழியத்துக்கான வரமாகத்தான் நினைத்தார்கள். படிக்காமலே அந்நிய நாட்டுப் பேச்சு கிடைத்துவிடும், கப்பலேறிப் போய்ப் பிரசங்கிக்கலாம் என்று நம்பினார்கள். அப்படி நம்பி அசூசாவிலிருந்து கிளம்பியவர்களில் ஆல்ஃபிரட் கார், லில்லியன் கார் தம்பதியர் முக்கியமானவர்கள். தங்களுக்கு வங்காளி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணி கல்கத்தாவுக்கு வந்தார்கள். வந்து பார்த்தால், அங்கிருந்த மக்களுக்கு அவர்கள் பேசியது புரியவில்லை. அவர்கள் ஊழியத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடவில்லை. 1907-இல் கல்கத்தாவில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குள் ஊழியம் செய்தார்கள், அப்புறம் ஹாங்காங்குக்கும் போனார்கள். இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான், பாஷை பிரசங்கத்துக்கு அல்ல, தேவனைத் துதிப்பதற்கும் ஜெபிப்பதற்கும் என்ற புரிதல் அந்த இயக்கத்துக்குள் பலப்பட்டது. ஆவியில் ஜெபிப்பது என்றாலே பாஷையில் ஜெபிப்பது என்ற பேச்சுவழக்கு அந்த வழியாக வந்தது.

நம் நாட்டில் இதற்கு முந்தின சாட்சிகளும் உண்டு. அசூசாவுக்கு 46 வருஷம் முன்னால், 1860-இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திவந்த கிறிஸ்தியான்பேட்டையில் ஓர் எழுப்புதல் உண்டானது. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் படித்தவர் அவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியோடு பழகி, வெளிநாட்டுச் சம்பளம் இல்லாமல் விசுவாசத்தில் ஊழியம் செய்யத் துணிந்தவர். அந்த எழுப்புதலைப் பற்றிய குறிப்புகளில் பாஷைகளும் வியாக்கியானமும் வருகின்றன. ஆனால் அவற்றோடு சேர்ந்தே வருவது மார்பில் அடித்துக்கொண்டு அழுதது, பாவங்களை அறிக்கையிட்டது, சாதாரண விசுவாசிகள் சம்பளம் இல்லாமல் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டது. விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனில், புனேக்குப் பக்கத்திலுள்ள கேட்காவ் ஊரில், 1905-இல் எழுப்புதல் வந்தபோதும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகள் ஒரே நேரத்தில் சத்தமிட்டு ஜெபித்தார்கள், பாஷையும் பேசினார்கள். அதை நேரில் கண்ட ரமாபாய், அன்பே மிகவும் அவசியமான அடையாளம், பாஷை முதலிய வரங்களையும் தள்ளிவிடக் கூடாது என்ற நிலையில் நின்றார். இந்த விஷயத்தில் எனக்கு அவர் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.

சரி, பாஷையை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆவியில் ஜெபிப்பது எப்படி இருக்கும்? வேதத்தில் அதற்கு வார்த்தைகளோடேயே உதாரணம் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், இந்த விவாதத்தில் அதை யாரும் எடுப்பதே இல்லை. லூக்கா 10:21. அனுப்பப்பட்ட எழுபதுபேரும் சந்தோஷத்தோடே திரும்பி வந்திருக்கிறார்கள். "அந்த வேளையில் இயேசு ஆவியிலே களிகூர்ந்து" என்று லூக்கா எழுதுகிறார். ஆவியிலே களிகூர்ந்து அவர் என்ன செய்தார்? ஜெபித்தார். "பிதாவே! வானத்துக்கும் பூமிக்கும் ஆண்டவரே" என்று தொடங்குகிறார். ஞானிகளுக்கு மறைத்ததைப் பாலகருக்கு வெளிப்படுத்தினதற்காக ஸ்தோத்திரிக்கிறார். "ஆம், பிதாவே, இப்படிச் செய்வது உம்முடைய திருவுளத்துக்குப் பிரியமாயிருந்தது" என்று முடிக்கிறார். பக்கத்தில் நின்ற மீனவர்களுக்கும் புரிந்த ஜெபம். சின்ன ஜெபம்தான். அதில் ஒரு விண்ணப்பமும் இல்லை. பிதாவுக்குப் பிரியமானது குமாரனுக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆவியில் ஜெபிப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுகிற வசனம் இது.

இதே குமாரன் கெத்செமனேயிலும் ஜெபிக்கிறார். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்" என்று மாற்கு 14:36-இல் கேட்கிறோம். பாத்திரத்தை எடுத்துப்போடும்படி கேட்கிறார், "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்று ஒப்புக்கொடுக்கிறார். "அப்பா, பிதாவே" என்ற அந்தக் கூப்பிடுதல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. ஒன்று இந்தத் தோட்டத்தில் இயேசுவின் வாயில். மற்ற இரண்டும் ரோமர் 8:15-இலும் கலாத்தியர் 4:6-இலும், ஆவியானவரைப் பெற்ற விசுவாசிகளின் வாயில். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. குமாரனுடைய ஆவி நமக்குள் வந்தால் குமாரனுடைய ஜெபம் நமக்குள் வருகிறது. களிகூர்ந்து ஸ்தோத்திரிக்கிற லூக்கா 10-உம் வரும், வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுகிற தோட்டமும் வரும்.

இதை நம் கூட்டங்களில் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம். ஆவியில் நிறைந்து ஜெபித்தால் கேட்டது நடக்கும், கடன் தீரும், விசா வரும் என்று பேசுகிறோம். ஸ்தேவான் பரிசுத்த ஆவியினாலே நிறைந்தவன் என்று அப்போஸ்தலர் 7:55 சொல்கிறது. அவன் ஜெபம் இரண்டு வரிதான். "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்பது ஒன்று. "ஆண்டவரே, இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்" என்பது இன்னொன்று. கற்கள் நிற்கவில்லை, அவன் செத்துப்போனான். ஆனால் கல்லெறிந்தவர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழற்றிவைத்தது சவுல் என்ற வாலிபனுடைய பாதத்தருகே. அவன்தான் பின்னாளில் பவுல். சத்துருவுக்காக அப்படிக் கேட்க ஆவியானவர் இல்லாமல் மாம்சத்தால் முடியுமா? ஒரு ஜெபம் ஆவியில் செய்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். சத்தம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று பார்க்காமல், அந்த ஜெபம் எதை விரும்புகிறது, யாரையெல்லாம் உள்ளே சேர்த்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

அடுத்து ரோமர் 8:26-க்கு வர வேண்டும். உங்களைப் போலத் தவிப்பில் இருக்கிறவர்களுக்காகவே எழுதின வசனம் அது. "நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ளவேண்டியதின்னதென்று அறியாமலிருக்கிறபடியால், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்." பவுலே "நாம்" என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார், கவனித்தீர்களா? பாஷைகளை எல்லாரிலும் அதிகமாய்ப் பேசின மனிதர், எதைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்கிறார். அவர் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை, கிருபைதான் கிடைத்தது.

என் தாயார் கடைசி நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சுகம் தாரும் என்று கேட்பதா, இனி வேதனைப்படாமல் சேர்த்துக்கொள்ளும் என்று கேட்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றைக் கேட்டால் அவர்களைக் கொடுமைப்படுத்துகிற மாதிரி இருந்தது, மற்றதைக் கேட்டால் கைவிடுகிற மாதிரி இருந்தது. வாய் திறந்தால் "ஆண்டவரே" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில்தான் இந்த வசனம் எனக்கு உண்மையாகப் புரிந்தது. எனக்குத் தெரியாதது ஆவியானவருக்குத் தெரியும். அவர் தேவனுடைய சித்தத்தின்படியே வேண்டுகிறார் என்று 27-ஆம் வசனம் சொல்கிறது. அந்த ஒற்றை வார்த்தையும் பெருமூச்சும் ஆவியில் செய்த ஜெபம்தான் என்று இன்றும் முழு நிச்சயமாக நம்புகிறேன்.

இந்த அதிகாரத்தில் பெருமூச்சு மூன்று முறை வருகிறது. சர்வ சிருஷ்டியும் தவிக்கிறது (8:22), ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் தவிக்கிறோம் (8:23), ஆவியானவரும் பெருமூச்சோடு வேண்டுகிறார் (8:26). ஆவியைப் பெற்றவர்களுக்குத் தவிப்பே இருக்காது என்பது வேதத்தின் போதனை அல்ல. ஆவியைப் பெற்றதாலேயே தவிப்பவர்கள் நாம். இன்னும் கொஞ்சம் கீழே வந்தால், 34-ஆம் வசனத்தில், தேவனுடைய வலதுபாரிசத்தில் கிறிஸ்துவும் நமக்காக வேண்டுதல் செய்கிறார். உள்ளே ஆவியானவர், அங்கே குமாரன். நடுவில் நம்முடைய உடைந்த நாலு வார்த்தைகள். நம் ஜெபம் பலவீனமானது என்பதற்காகத் தள்ளுபடியாகாமல் இருப்பதற்கு இந்த இரண்டு வேண்டுதல்கள்தான் காரணம். 26-ஆம் வசனத்தைப் பற்றித்தான் பழங்காலத் திருச்சபைப் போதகரான அகஸ்டின், புரோபா என்ற விதவைக்கு எழுதின நீண்ட கடிதத்தில் விளக்கினார். எப்படி ஜெபிப்பது என்று நீங்கள் கேட்கிறதைப் போலவே அந்த அம்மாளும் கேட்டிருந்தார். உபத்திரவம் நமக்கு நன்மையா தீமையா என்று தெரியாமல் அது நீங்கவே எப்போதும் கேட்கிறோம், அங்கேதான் நம் அறியாமை இருக்கிறது என்று அகஸ்டின் பவுலின் முள்ளையே உதாரணமாகக் காட்டுகிறார்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவியில் ஜெபித்தால் உரத்த சத்தம் வரும் என்று சிலரும், அமைதியாக இருப்பதுதான் ஆவிக்குரியது என்று சிலரும் நினைக்கிறார்கள். சீலோவில் அன்னாள் ஜெபித்தபோது அவள் உதடுகள்மாத்திரம் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி நினைத்தான். பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் சத்தமாகப் பேசினார்கள். இவர்கள் மதுபானத்தினால் நிறைந்திருக்கிறார்கள் என்று சிலர் பரியாசம் பண்ணினார்கள். மெளனமாக ஜெபித்தவளுக்கும் அதே குற்றச்சாட்டு, சத்தமாகப் பேசினவர்களுக்கும் அதே குற்றச்சாட்டு. பக்கத்தில் நிற்கிறவருக்கு வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஏலி ஆசாரியனாயிருந்தும் ஏமாந்தான். உங்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவரும் ஏமாந்திருக்கலாம்.

புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிற ஜெபங்களைப் பற்றிக் கேட்டீர்கள். இது பழைய சண்டை. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் சிறையில் அடைக்கப்பட்டு, சுமார் 12 வருஷம் அங்கே கிடந்த ஜான் பனியன், சிறையிலிருந்தே இதைப் பற்றி எழுதினார். அச்சிட்ட ஜெபப்புத்தகத்தைச் சட்டம் போட்டுத் திணித்த காலம் அது. இருதயம் இல்லாத வார்த்தைகளைவிட வார்த்தைகள் இல்லாத இருதயம் மேல் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவர் பட்ட பாட்டை நினைத்தால் அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் எழுதப்பட்டது என்பதற்காகவே ஒரு ஜெபம் ஆவியற்றதாகிவிடாது. இயேசு சிலுவையில் ஜெபித்தது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியும், 31-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனமும். அவருக்கு முன்னே எத்தனையோ தலைமுறை வாசித்து வந்த ஜெபங்கள் அவை. அப்போஸ்தலர் 4-இல் சபையார் 2-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் ஜெபித்தார்கள், அவர்கள் கூடியிருந்த இடம் அசைந்தது. உங்கள் சபையின் நற்கருணை ஆராதனைத் தொடக்கத்திலேயே, பரிசுத்த ஆவியின் ஏவுதலால் எங்கள் இருதய நினைவுகளைச் சுத்திகரியும் என்று கேட்கிற ஜெபம் இருக்கிறது. ஆவியில் ஜெபிக்கக் கிருபை தாரும் என்று அந்தப் புத்தகமே கேட்கச் சொல்லித் தருகிறது. நாம்தான் ஆமென் சொல்லிவிட்டு, மத்தியானம் என்ன சமையல் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதே மாதிரி, பாஷையிலும் பழக்கத்தினால் வெறும் வாய் ஓட முடியும். இருதயம் இல்லாமல் போகிற ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு.

தடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆவியில் ஜெபிக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஜெப அறைக்கு வெளியேதான் இருக்கிறது. 1 பேதுரு 3:7-இல், மனைவியைக் கனப்படுத்தாத புருஷனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று எழுதியிருக்கிறது. முழு இரவு ஜெபம் நடத்திவிட்டு வீட்டில் மனைவியை அதட்டுகிறவர் அந்த வசனத்தை உட்கார்ந்து வாசிக்க வேண்டும். எபேசியர் 4:30-இல் பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்றவுடன் பவுல் பட்டியலிடுவது கசப்பு, கோபம், மூர்க்கம், கூக்குரல், தூஷணம். எல்லாம் வீட்டிலும் வேலையிடத்திலும் நடக்கிறவை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஜெபத்தைத் தொடங்கும்போதே, "ஆவியானவரே, எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை, உதவி செய்யும்" என்று கேளுங்கள். பரலோகப்பிதா தம்மிடத்தில் கேட்கிறவர்களுக்குப் பரிசுத்த ஆவியைக் கொடுப்பார் என்று லூக்கா 11:13 வாக்குக் கொடுக்கிறது. அங்கே கேட்பதுதான் நிபந்தனை, வேறு ஒன்றும் இல்லை. ஒரு சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வசனம் வசனமாக அதையே ஜெபமாக்குங்கள். ஜெபக்குறிப்பு நோட்டில் உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் பெயரையும் எழுதுங்கள், அவருக்கு நன்மை கேளுங்கள். முதல் நாளில் வாய் வராது, பரவாயில்லை, அந்தத் திணறலையே அவரிடம் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். யாரையாவது குறித்துப் பாரம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு அப்போதே ஜெபியுங்கள். ஒன்றுமே தோன்றாத நாளில் கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லி எழுந்திருங்கள். மனதில் ஒரு அசைவும் இல்லாத அந்த நாட்களிலும் ஆவியானவர் வேண்டுதல் செய்துகொண்டுதான் இருக்கிறார். பாஷையின் வரத்தை வாஞ்சிக்கிறீர்களா? தாராளமாகக் கேளுங்கள். தருவதும் தராததும் அவர் சித்தம். ஆவியானவர் தமது சித்தத்தின்படியே அவனவனுக்குப் பகிர்ந்துகொடுக்கிறார் என்று 1 கொரிந்தியர் 12:11 சொல்கிறது.

இனி அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம். உபவாசித்து ஜெபிக்கிற மக்களோடு சேர்ந்து ஜெபிக்கக் கிடைத்தது நல்ல காரியம், போங்கள். உங்கள் சொந்த சபையின் ஆராதனையை விட்டுவிடாமல் போங்கள். அங்கே யாராவது தலையில் கைவைத்து, "அல்லேலூயா, அல்லேலூயா என்று வேகமாகச் சொல், நாக்கு தானாகத் திரும்பும்" என்றால், "அக்கா, ஆண்டவர் தரும்போது பெற்றுக்கொள்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பெந்தெகொஸ்தே நாளில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆவியானவர் தந்தருளின வரத்தின்படியே பேசினார்கள். அவர்கள் வற்புறுத்தாமல் விட்டுவிட்டால் தொடர்ந்து போகலாம். மறுபடி மறுபடி உங்களை இரண்டாந்தர விசுவாசியாக நடத்தினால், அந்தக் கூட்டத்தை நடத்துகிற பாஸ்டரிடம் தனியே 1 கொரிந்தியர் 12:30-ஐக் காட்டிக் கேளுங்கள். நல்ல மேய்ப்பராக இருந்தால் உட்கார்ந்து பேசுவார். பேச மறுத்தால், ஜெபிக்கிற வேறு நாலு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். அம்மா இன்னும் இருக்கிறார்கள் என்றால், போனிலாவது அவர்களோடு சேர்ந்து தினமும் கொஞ்ச நேரம் ஜெபியுங்கள்.